ஒற்றைக் குறி போட்ட எடைகள்

அந்த வேலையில் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. தொண்ணூறுகளின் கடைசி. வலியசாலையில் இரண்டு அறை வீட்டில் நானும் கணவரும் இருந்தோம். அவருக்கு ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் சரக்கு இறங்குவதைப் பார்த்துக்கொள்ளும் வேலை. குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் பிடித்து வைத்து, சமைத்து, இருவருக்கும் டப்பாவில் அடைத்துக்கொண்டு கிழக்கேகோட்டை வரை நடப்பேன். அங்கிருந்து சாஸ்தமங்கலத்துக்கு பஸ். உட்கார இடம் கிடைத்ததாக ஞாபகமே இல்லை. ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு நாளை வாழ்ந்து முடித்த அலுப்பு வந்துவிடும்.

செருப்பைக் கழற்றியது கம்ப்யூட்டருக்காக. தூசி படக்கூடாது என்று அந்த ஒரு அறைக்கு மட்டும் ஏசி வைத்திருந்தார்கள். அது ஒரு சின்ன டிரஸ்ட். நகரத்து ஏழைக் குழந்தைகளுக்கு மாதம் ஒருமுறை எடை பார்ப்பார்கள். எடை குறைந்த குழந்தைகளின் வீட்டுக்குச் சத்துமாவு பாக்கெட் கொடுப்பார்கள். அந்த விவரங்களை, பணம் கொடுக்கும் நிறுவனத்துக்கு அறிக்கையாக எழுதி அனுப்புவார்கள். நடத்தியவர் ஓய்வு பெற்ற குழந்தை மருத்துவர், மலையாளி. எங்களுக்கு அவர் மேடம். நான் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்துவிட்டு, மூன்று மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்தவள் என்பதால் எடுத்துக்கொண்டார்.

குழந்தைகளைத் தேடிப்போய் எடை பார்ப்பவர் ஓர் அக்கா. களியக்காவிளைப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஐம்பதை நெருங்கியவர். தோள்பையில் தொங்கு தராசும், குழந்தையை உட்காரவைக்கும் துணி நிக்கரும், நீள நோட்டும் இருக்கும். கதவு நிலையிலோ மரக்கிளையிலோ தராசை மாட்டி, அழுகிற குழந்தையை அதில் தொங்கவிட்டு, முள் நிற்கும்வரை காத்திருந்து எழுதுவார். பெயர், வயது, எடை. மாதக் கடைசியில் நோட்டு என் மேசைக்கு வரும். அதை எக்செல் ஷீட்டில் ஏற்றுவது என் வேலை.

டைப்ரைட்டரில் பழகிய கைக்கு ஒரு கர்வம் உண்டு. எழுத்து பிசகக்கூடாது, ஓரம் கோணக்கூடாது. நோட்டில் அக்கா '10.0' என்று எழுதியிருப்பார். நான் அப்படியே அடிப்பேன். என்டர் தட்டியதும் கம்ப்யூட்டர் அதை வெறும் '10' ஆக்கிவிடும். மேலே 9.4, கீழே 8.7, நடுவில் மொட்டையாக ஒரு பத்து. பல் விழுந்த வாய் மாதிரி எனக்கு அது உறுத்தும். ஒருநாள் பிரின்டரைச் சரிசெய்ய வந்தவரிடம் கேட்டேன். அவர் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே சொன்னார்:

"முன்னால ஒரு ஒற்றைக் குறி, மேற்கோளுக்குப் போடுவோமே அது, போட்டு அடிங்க மேடம். நீங்க அடிச்சது அப்படியே நிக்கும்."

போட்டுப் பார்த்தேன். நின்றது. குறி கண்ணுக்குத் தெரியவில்லை, 10.0 மட்டும் அழகாகத் தெரிந்தது. அன்றைக்கு அதில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

அதுவரை இரண்டு பகுதிகளின் நோட்டுகளைக் குறி இல்லாமல் ஏற்றியிருந்தேன். மூன்றாவதாக வந்தது, கரமனை ஆற்றுக்கு அப்பால் கட்டட வேலைக்காரர்கள் தகரக் கொட்டகை போட்டிருந்த இடத்தின் நோட்டு. பெரும்பாலும் அருப்புக்கோட்டை, விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள். அவர்கள் குழந்தைகளின் எடைகளை எல்லாம், ஒன்று விடாமல், ஒற்றைக் குறி போட்டு ஏற்றினேன். பிறகு மொத்த ஷீட்டையும் நடுவாக நிறுத்தினேன், மேடத்துக்கு அப்படி இருந்தால்தான் பிடிக்கும் என்று. சாதாரணமாக எண்கள் கட்டத்தின் வலது ஓரத்திலும் எழுத்துகள் இடது ஓரத்திலும் ஒட்டி நிற்கும். அதைப் பார்த்தாவது சந்தேகம் வந்திருக்கும். நான் எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தி, அந்த வழியையும் அடைத்துவிட்டேன்.

எந்தக் குழந்தைக்கு எடை குறைவு என்று கண்டுபிடிக்க மேடம் ஒரு ஃபார்முலா எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு கட்டத்தில் குழந்தையின் எடை, அடுத்ததில் அந்த வயதுக்கு இருக்கவேண்டிய குறைந்தபட்ச எடை. முதலாவது இரண்டாவதைவிடச் சிறியது என்றால் மூன்றாவது கட்டத்தில் LOW என்று வரும். இல்லையென்றால் காலியாக இருக்கும். அதை நான் மேலிருந்து கீழே இழுத்து நிரப்பினேன். முதல் இரண்டு பகுதிகளில் அங்கங்கே LOW வந்தது. கொட்டகைக் குழந்தைகளுக்கு ஒன்றுகூட வரவில்லை.

"ஒன்னும் இல்லே?" என்று மேடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார். "நோக்கியோ நீ?"

பார்த்தேன். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எண்ணாக விரலை ஓட்டி ஒப்பிட்டேன். ஒரு பிழையும் இல்லை. நோட்டில் இருந்த போன மாத எடையையும் பக்கத்தில் ஏற்றியிருந்தேன்; அதைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று கழித்துக் காட்டும் கட்டம் ஒன்று உண்டு. அதையும் கால்குலேட்டரில் போட்டுச் சரிபார்த்தேன். அதுவும் துல்லியமாக இருந்தது. "கரெக்ட்தான் மேடம்" என்றேன். ஆணும் பெண்ணும் வேலைக்குப் போகிற குடும்பங்கள், மீனும் சோறும் சாப்பிடுகிறவர்கள், இருக்கலாம் என்று மேடம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அறிக்கை போய்விட்டது. பாக்கெட் கொடுக்கவேண்டியவர்களின் பட்டியலை பிரின்ட் எடுத்து அக்காவிடம் கொடுத்தேன்.

அவர் அதை நின்றபடியே முன்னும் பின்னும் புரட்டினார்.

"பிள்ளே, கரமனைக்க தாளு எங்க?"

"அங்கே யாரும் இல்லைக்கா. எல்லாருக்கும் எடை இருக்கு."

"ஆருக்கு எடை இருக்கு? அங்க ஒரு பெண்கொச்சு உண்டு, ரண்டு வயசு. காலு ரண்டும் முருங்கைக்காய் மாதிரி. எட்டு கிலோதான் வந்தது. நானில்லா எழுதினேன்."

"எழுதினதைத்தான் அக்கா ஏத்தியிருக்கேன். நோட்டோட ஒத்துப் பாத்தாச்சு. கம்ப்யூட்டர்ல தப்பு வராது."

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. பஸ்ஸில் இரண்டு மணி நேரம் வந்து, பஸ்ஸில் இரண்டு மணி நேரம் திரும்பிப் போகிறவரின் முகம் அது.

"உனக்க கம்ப்யூட்டரு பிள்ளைகளைத் தூக்கிப் பாத்திருக்கா? நான் தூக்கிப் பாத்தேன்" என்றார். பிறகு பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்த ஒரு குழந்தையின் வரியைத் திறந்து, எட்டு புள்ளி இரண்டுக்கு எதிரே ஏன் LOW வரவில்லை என்று பார்த்திருக்க வேண்டும். ஒரு நிமிஷ வேலை. அன்றைக்குக் கழுத்து வலி, அடுத்த நோட்டு காத்திருந்தது, ஏழு மணிக்குள் வீடு போய்ச் சேர வேண்டும். இவையெல்லாம் காரணங்கள்தான். ஆனால் உள்ளே இருந்த உண்மையான காரணம் வேறு. நான் டைப் செய்ததில் பிழை இருக்காது என்று நம்பினேன். டைப் செய்ததில் பிழை இருக்கவும் இல்லை.

இரண்டு மாதம் போனது. இரண்டு முறை பாக்கெட்டுகள் வேறு இடங்களுக்குப் போயின. இந்த இரண்டு மாதமும், தொடங்கியது தொடங்கியபடியே இருக்கட்டும் என்று, முதல் இரண்டு பகுதிகளைக் குறி இல்லாமலும் கரமனையைக் குறி போட்டும் அடித்துக்கொண்டிருந்தேன். அக்கா அதற்குப் பிறகு கரமனையைப் பற்றிப் பேசவில்லை. நோட்டை மட்டும் என் மேசையில் வைத்துவிட்டுப் போவார்.

பிறகு ஒரு கூட்டத்துக்காக மேடம் ஒவ்வொரு பகுதியின் சராசரி எடையையும் கேட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தேன். முதல் பகுதி வந்தது, இரண்டாவது வந்தது. கரமனைக்குச் சராசரி போட்டால், பூஜ்யத்தால் வகுத்ததாக ஒரு பிழைச் செய்தி வந்தது. கட்டங்களைத் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டேனோ என்று மறுபடி போட்டேன். அதேதான். சரி, கூட்டிப் பார்க்கலாம் என்று மொத்தக் கூட்டல் போட்டேன். பூஜ்யம் வந்தது.

திரை நிறைய எடைகள் இருக்கின்றன, கூட்டினால் பூஜ்யம். இரண்டே இரண்டு கட்டங்களை எடுத்து நடுவில் கூட்டல் குறி போட்டுப் பார்த்தேன். ஒழுங்காகக் கூட்டிக் கொடுத்தது. அப்புறம் ஏன் மொத்தமாகக் கூட்டினால் இல்லை என்கிறது? கடைசியில் ஒரு கட்டத்தை அழித்துவிட்டு, குறி இல்லாமல் 8.2 என்று வெறுமனே அடித்து என்டர் தட்டினேன்.

பக்கத்துக் கட்டத்தில் LOW என்று வந்தது.

அடுத்ததை அடித்தேன். அதற்கும் LOW. அதற்கடுத்தது வரவில்லை, அந்தக் குழந்தைக்கு எடை இருந்தது. நாலாவதற்கு LOW. அதோடு நிறுத்தினேன்.

எனக்கு அன்று அரைகுறையாகப் புரிந்தது இதுதான். முன்னால் குறி போட்டதும் அந்த எடை எண்ணாக இல்லாமல் எழுத்தாகிவிட்டது. பார்க்க எண் மாதிரி இருக்கும். கம்ப்யூட்டருக்கு அது ஒரு சொல். மொத்தமாகக் கூட்டும்போது சொற்களை விட்டுவிடுகிறது. எது சிறியது என்று கேட்டாலோ, எழுத்து என்பது எந்த எண்ணையும்விடப் பெரியது என்பது அதன் விதி. அதனால் எட்டு கிலோ குழந்தையும் அதன் கணக்கில் எந்த வரம்பையும் தாண்டிய குழந்தை. நேரடியாகக் கூட்டல் குறியோ கழித்தல் குறியோ போட்டால் மட்டும் அது எழுத்தை எண்ணாக மாற்றிக்கொண்டு கணக்குப் பார்க்கிறது. நான் சரிபார்த்த அந்தக் கழித்தல் கட்டம் சரியாக இருந்ததற்குக் காரணம் அதுதான். சரியாக இருந்த இடத்தை மட்டும் சரிபார்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் திரும்ப அடிக்க வேண்டுமா என்று மலைப்பாக இருந்தது. அப்போதுதான் தோன்றியது: கழித்தால் எண்ணாகிறது என்றால், பூஜ்யத்தைக் கழித்தால் போதுமே. பக்கத்தில் ஒரு புதுப் பத்தி திறந்து, ஒவ்வோர் எடையிலிருந்தும் பூஜ்யத்தைக் கழிக்கச் சொன்னேன். மேடத்தின் ஃபார்முலாவை அந்தப் புதுப் பத்தியோடு ஒப்பிடும்படி மாற்றி, மேலிருந்து கீழே இழுத்தேன். காலியாக இருந்த பத்தியில் LOW, LOW என்று வந்து விழுந்தன. எண்ணிப் பார்த்தேன். பதினாலு குழந்தைகள். இதற்கென்றே VALUE என்று ஒரு ஃபார்முலா உண்டு என்பது பின்னால் தெரிந்தது. அன்றைக்கு என் கையில் இருந்தது பூஜ்யம்தான்.

மேடம் அறைக்குப் போனேன். என்ன நடந்தது என்று ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கி, குறி, எழுத்து, எண் என்று ஏதேதோ உளறினேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்:

"எத்ர பேர்?"

"பதினாலு, மேடம்."

"எத்ர மாசம்?"

"ரெண்டு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மெல்ல, பாதி மலையாளமும் பாதி தமிழுமாகச் சொன்னார்: "இது தன்டெ தெற்று மாத்ரமல்ல, உன் தப்பு மட்டும் இல்லை. ஒரு குழந்தைக்குக்கூட குறைவில்லைன்னு வந்தா, முப்பது வருஷம் டாக்டரா இருந்த நான் அங்கே நேரே போய்ப் பார்த்திருக்கணும். எனிக்கும் அது சௌகர்யமாயிருந்நு." சௌகரியமாக இருந்தது என்ற அந்த வார்த்தை எனக்கும் பொருந்தும் என்று தோன்றியது. அறிக்கையைத் திருத்தி அன்றே நாலு வரிக் கடிதம் எழுதினார். நான்தான் டைப் செய்தேன். அதற்குப் பதில் எதுவும் வந்ததாக நினைவில்லை.

அக்கா சாயந்திரம் தராசை வைக்க வந்தார். வராந்தாவிலேயே நிறுத்திச் சொன்னேன். "அன்னைக்கு நீங்க சொன்னதுதான் சரி அக்கா. நான்தான்..." என்று ஆரம்பித்ததும் அழுகை வந்துவிட்டது.

"அழுகை பொறவு ஆவட்டு" என்றார் அவர். "பாக்கெட்டு எத்தன கெடக்கு?"

இருந்த பாக்கெட்டுகளை இரண்டு பையில் கட்டிக்கொண்டு மறுநாள் காலை இருவரும் போனோம். அதுவரை நான் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. மூன்று மாதமாக அவர்கள் குழந்தைகளின் பெயர்களை அடித்துக்கொண்டிருந்தவள், வழி தெரியாமல் அக்கா பின்னால் போனேன். கட்டடம் ஏறக்குறைய முடிந்திருந்தது. கொட்டகைகளில் பாதியைப் பிரித்துவிட்டார்கள். கரிபிடித்த அடுப்புக் கற்கள் மட்டும் வரிசையாக வெயிலில் கிடந்தன.

பதினாலில் ஒன்பது குழந்தைகள் கிடைத்தார்கள். ஐந்து குடும்பம் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தது. முருங்கைக்காய்க் கால்கள் என்று அக்கா சொன்ன அந்தப் பெண்குழந்தையின் குடும்பமும் அதில் ஒன்று. பக்கத்துக் கொட்டகைப் பெண்ணிடம் விசாரித்தோம்.

"மேஸ்திரி கூட்டிட்டுப் போயிட்டாருக்கா. கழக்கூட்டம் பக்கமாம், பெரிய பெரிய கட்டடமாக் கட்டுறாங்களாமே, அங்க" என்றாள். "அந்தப் புள்ளைக்கு நடுவுல வயித்தால வேற போச்சு. ஆசுபத்திரில நாலு நாள் வச்சிருந்தாங்க."

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ வேணும்னா பண்ணினே? போட்டு மனசைப் புண்ணாக்கிண்டிருக்காதே" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்கும் தெரியும். அந்தக் குழந்தைக்கு அதனால் என்ன?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா சர்ச் ஆராதனையை முடித்துக்கொண்டு வந்தார். கழக்கூட்டத்தில் மூன்று கட்டட இடங்களில் ஏறி இறங்கினோம். கிடைக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போனோம். காலில் செருப்புக் கடித்து, நான் ஒரு கம்பிக்குவியல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். "நீ இங்க இரி" என்று சொல்லிவிட்டு அக்கா மட்டும் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் கையசைத்துக் கூப்பிட்டார்.

அந்தத் தாய்க்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. தலைத்துணியில் சிமென்ட் படிந்திருந்தது. குழந்தை மணல்மேட்டு ஓரம் ஒரு சாக்கில் உட்கார்ந்து எங்களையே பார்த்தது. அக்கா சாரத்தின் குறுக்குக் கம்பில் தராசை மாட்டினார். நிக்கரில் தூக்கி வைத்தபோது குழந்தை அழவில்லை. அழாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. முள் நின்றது. எட்டு கிலோ அறுநூறு. மூன்று மாதத்தில் நானூறு கிராம்தான் ஏறியிருந்தது. இன்னும் குறைவுதான். ஆனாலும் இறங்கவில்லை.

நான் அந்தப் பெண்ணிடம் சொல்ல முயன்றேன். "முன்னாடியே உங்களுக்கு இது கிடைச்சிருக்கணும்மா. நான் ஆபீஸ்ல எழுதினதுல ஒரு தப்பு. அதனால உங்க பாப்பா பேரு விட்டுப்போச்சு."

அவள் புரியாமல் அக்காவைப் பார்த்தாள். பிறகு என்னிடம், "அதுக்கென்னக்கா, இப்பதான் கொண்டாந்துட்டீங்களே" என்றாள். பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைக் கலக்கிக் குடுத்தா மறுபடி வயிறு போகுமா?" என்று கேட்டாள்.

"தண்ணிய நல்லாக் கொதிக்க வச்சுக் கலக்கணும் மக்களே. ஆறினப் பொறவு ஸ்பூன்ல குடு. மிச்சம் வச்சு மறுநாளு குடுக்காதே" என்று அக்கா கீழே உட்கார்ந்து விளக்கத் தொடங்கினார். மேஸ்திரி கூப்பிடும் சத்தம் கேட்டது. அவள் பாக்கெட்டைச் சாக்குக்கடியில் செருகிவிட்டு ஓடினாள். அதன் பிறகு அக்கா மாதாமாதம் கழக்கூட்டத்தையும் தன் சுற்றில் சேர்த்துக்கொண்டார். அந்தக் குழந்தையின் எடை வரம்பைத் தாண்ட ஒரு வருஷம் ஆனது.

காணாமல் போன மற்றவர்களில் மூன்று குடும்பத்தை அக்கா மேஸ்திரிகள் மூலம் கண்டுபிடித்தார். ஒரு குடும்பம் மட்டும் கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்பிவிட்டார்கள் என்று சொன்னார்கள்; எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒன்றரை வயதுப் பையன். மேடம் அருப்புக்கோட்டை, விளாத்திகுளம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு எழுதிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. நான் ஒவ்வொரு மாதமும் புது ஷீட் திறக்கும்போது அவன் பெயரையும் அடித்து வைப்பேன், எடைக்கு எதிரே காலியாக விட்டு. ஒருமுறை மேடம் அதைப் பார்த்து, "இதை எடுத்துடலாமே" என்றார். "இருக்கட்டும் மேடம்" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. அந்த வேலை முடிந்து நான் வெளியே வந்த மாதம்வரை அந்த வரி அங்கேயே இருந்தது.